அண்ணனும் சூடான சோக் கம்பியும்

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணனுக்குத் தன்னை யாராவது புகழ்ந்தால் பிடிக்காது. கூட்டத்தில் ஒருவர் அவர் பெயரைச் சொல்லிப் பேச எழுந்தால் போதும், செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுவார். இப்போது போக முடியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அண்ணன் எல்லையோர ஊரான முதலமடையில், அய்யன் என்று நாங்கள் கூப்பிட்ட அப்பாவின் மாந்தோப்புக்கு நடுவில் இருந்த வீட்டில் பிறந்தார். எனக்கு இரண்டு வயது மூத்தவர். எங்களுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அம்மா காலமாகிவிட்டார். அய்யன் கண்டிப்பானவர், பாசம் வைத்திருந்தார், அதைக் காட்டினால் கெட்டுப்போவோம் என்று பயந்தார். அண்ணன் கொல்லங்கோட்டில் படித்தார். கணக்கு வரும், பரீட்சை வராது. வீட்டில் ஓடிய கடிகாரத்தைக் கழற்றி ஓடாத கடிகாரமாக்கினார். ஒரு மாதம் கழித்து அதை மறுபடி ஓடவும் வைத்தார். எதைப் பார்த்தாலும் "இது எதனால?" என்று கேட்பார். பதில் தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. எனக்கும் அதே வியாதி உண்டு. என் விஷயத்தில் அதைப் பெண்பிள்ளைக்கு ஆகாத குணம் என்றார்கள்.

எழுபதுகளின் நடுவில் அண்ணன் ஒரு பழைய பிக்கப் வண்டியை ஏலத்தில் எடுத்தார். மாங்காய்க் காலத்தில் மாங்காய், மற்ற மாதங்களில் காய்கறி என்று பொள்ளாச்சிச் சந்தைக்கு ஏற்றிப் போவார். எங்களைவிட வயதான வண்டி. உள்ளே ஒயர்கள் எல்லாம் துணி சுற்றியவை. எலி கடித்தது பாதி, வெயிலில் பொடிந்தது மீதி. கொல்லங்கோட்டில் புதிதாகக் கடை போட்டிருந்த ஒயரிங் மெக்கானிக் மாதவன் அண்ணாவிடம் விட்டு, முழு வண்டிக்கும் புது ஒயர் போட்டுக் கொண்டுவந்தார். அது ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்பு.

அண்ணன் வேலை செய்யும்போது நானும் வண்டி நிறுத்தும் கொட்டகையான சாளையில் போய் நிற்பேன். ஒருநாள் நான் வண்டிக்கடியில் படுத்திருந்ததை அய்யன் பார்த்துவிட்டார். எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். என்னை ஒன்றும் சொல்லாமல் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வயசுப்புள்ளைக்குச் சாளையில என்ன வேலை? இன்னொருக்கா அவளை அங்க பாத்தன்னா, அன்னைக்கே வண்டிய வித்துப்போடுவேன்."

அய்யன் சொன்னால் செய்வார். அதன் பிறகு அவர் தோப்புக்குப் போன நேரம் பார்த்துத்தான் சாளைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

ஆயுத பூஜைக்கு வண்டி பளபளவென்று இருக்க வேண்டும் என்று அண்ணன் வெளிப்பக்கம் முழுவதும் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். அடிப்பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். அய்யன் இரண்டு நாள் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார், திரும்பி வந்தவர் எல்லாம் அண்ணன் வேலை என்றே நினைத்தார். பூஜையன்று சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். பட்டப்பகலில் கோயிலைச் சுற்றி வந்தோம். வண்டி புதுப்பெண் மாதிரி இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பொள்ளாச்சி போய்விட்டு அந்தி சாயும் வேளையில் அண்ணன் திரும்பினார். கோவிந்தாபுரம் செக்போஸ்ட் அருகே ஹெட்லைட்டைப் போட்டால் அகல் விளக்கு அளவுக்கு எரிந்ததாம். ஹாரனை அடித்தால் அந்த வெளிச்சமும் அணைந்ததாம். பெட்ரோல் மீட்டர் முள் காலியிலிருந்து முழு டேங்குக்கு எகிறியதாம். செக்போஸ்ட் போலீஸ்காரர் இறக்கி நிற்கவைத்துத் திட்டினார். அண்ணன் முன்னால் போன மாட்டுவண்டியின் பின்னாலேயே ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலையில் நேரே மாதவன் அண்ணா கடைக்குப் போனார். பக்கத்துத் தேநீர்க் கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால், புது ஒயர் என்று சொல்லிப் பழைய ஒயரைப் போட்டுவிட்டாய் என்று கத்திவிட்டார். அண்ணன் கோபக்காரர் அல்ல, கோபம் வந்தால் அதை வைத்துக்கொள்ளத் தெரியாதவர். மாதவன் அண்ணா சத்தம் போடவில்லை.

"முதலாளீ, ஒரு ஒயர் பழசுண்டெங்கில் இந்தக் கடை ஞான் பூட்டும்" என்று தன் மலையாளத்தில் மட்டும் சொன்னாராம்.

கடை பூட்டுகிற பேச்சு அன்று விளையாட்டாக இல்லை. விஷயம் அய்யன் காதுக்குப் போயிற்று. சனிக்கிழமை தோப்புக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடுவதாக இருந்தது. அவர்கள் வண்டிகளும் அந்தக் கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. இனி யாரும் அங்கே விடக்கூடாது என்று சனிக்கிழமை சொல்லிவிடுகிறேன் என்றார் அய்யன். அய்யன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கடை திறந்து ஆறு மாதமாகாத ஒருவரின் பிழைப்பு அதோடு முடிந்திருக்கும்.

அண்ணனுக்கு அன்று மத்தியானமே உறுத்த ஆரம்பித்துவிட்டது. ஒயர் பழசென்றால் ஒரு விளக்கு எரியாது, அல்லது பியூஸ் போகும். விளக்கைப் போட்டால் பெட்ரோல் முள் எதற்கு எகிறுகிறது? அதற்கும் இதற்கும் என்ன உறவு? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. சனிக்கிழமைக்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்று சாளைக்குள் புகுந்தார். அய்யன் தோப்பில் இருந்த நேரமெல்லாம் நானும் கூட இருந்தேன்.

சாளைக் கதவில் சாக்குத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். பேட்டரியில் குறையில்லை, ஒரே இழுப்பில் இன்ஜின் பிடித்தது. பல்புகளை மாற்றிப் பார்த்தோம். பியூஸ்களைத் துடைத்துப் போட்டோம். பிறகு அண்ணன் ஒரு சிறு பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்து, ஒரு முனையைப் பேட்டரியில் கட்டி, மறுமுனையால் ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்த்தார். ஹெட்லைட்டில் தொட்டால் பல்ப் பளிச்சென்று எரிந்தது. ஹாரனில் தொட்டாலும் எரிந்தது. வர வேண்டிய கரண்ட் எல்லா இடத்துக்கும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு இணைப்பையும் மாதவன் அண்ணா நூல் சுற்றிக் கட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்தோம். ஒரு ஒயர்கூடப் பழசில்லை. அண்ணன் முகம் சிறுத்துவிட்டது.

"வர்ற கரண்டு வருது. வந்தது எங்க போகுது?" என்றார்.

வெள்ளிக்கிழமை. நான் கேபினில் உட்கார்ந்து ஸ்விட்சுகளைப் போட்டுக்கொண்டிருந்தேன், அவர் முன்னால் நின்று விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கை சோக் குமிழில் பட்டு அது கொஞ்சம் வெளியே வந்தது. விளக்கு பிரகாசமாயிற்று. உள்ளே தள்ளினேன், மங்கிற்று. சோக் என்பது இன்ஜினுக்குக் காற்றைக் குறைக்கும் வெறும் கம்பி. அதற்கும் கரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. மறுபடி தொட்டுப் பார்த்தேன்.

"அண்ணா, இந்தக் குமிழு சுடுதுங்ணா."

வந்து தொட்டார். கையை எடுக்காமல் அப்படியே நின்றார். எனக்கு இன்றும் அந்த முகம் நினைவிருக்கிறது. தேடிய பொருளின் வாசனை பிடித்துவிட்ட முகம்.

"கரண்டு திரும்பிப் போற வழி இதுதான் அம்மிணி. நல்ல வழிய ஆரோ அடச்சுப்போட்டாங்க" என்றார்.

விளக்கை எரித்த கரண்ட் வண்டியின் இரும்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வழிக்குத்தான் எர்த் என்று பெயர். அது அடைபட்டதால் விளக்கு, ஹாரன், மீட்டர் மூன்றின் கரண்டும் இந்த மெல்லிய சோக் கம்பி வழியாக முண்டியடித்துக்கொண்டு இன்ஜினுக்குப் போய், அங்கிருந்து பேட்டரிக்குத் திரும்பியிருக்கிறது. அண்ணன் ஒரு தடித்த ஒயரை எடுத்து, பேட்டரியின் எர்த் முனையிலிருந்து கேபின் இரும்பில் வைத்து அழுத்தினார். ஹெட்லைட் கண்ணைக் கூசவைத்தது. ஹாரன் தெருவுக்கே கேட்டது. முள் தன் இடத்தில் போய் நின்றது.

கேபின் அடிச்சட்டத்தின் மேல் ரப்பர் கட்டைகளில்தான் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் இணைப்பது ஒரே ஒரு செம்புப் பின்னல் பட்டை. அண்ணன் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். அவர் குனிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

பூஜைக்கு முன்னால் அந்தப் பட்டையைக் கழற்றியவள் நான். பச்சை பிடித்துக் கிடந்ததை, குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக்கினேன். அது உட்கார வேண்டிய இரும்பு துருப்பிடித்து அசிங்கமாக இருந்ததால் அதற்குச் சிவப்புப் பெயிண்ட் இரண்டு கை அடித்து, காய்ந்த பிறகு பட்டையை மேலே வைத்து முடுக்கினேன். பட்டைக்கும் ஒரு பொட்டு வைத்தேன். பெயிண்டுக்குள் கரண்ட் போகாது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அண்ணன் என்னைத் திட்டவில்லை. உப்புத்தாளால் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு தெரியும்வரை தேய்த்து, பட்டையை மாட்டினார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு கொல்லங்கோட்டுக்குக் கிளம்பினார். வேலிப்படல்வரை நான் பக்கத்தில் நடந்தேன். நான் பெயிண்ட் அடித்ததைச் சொல்லிவிடுங்கள், மாதவன் அண்ணாமேல் பழி வேண்டாம் என்றேன்.

அதே தேநீர்க் கடை முன்னால், அதே ஆட்கள் இருக்கும்போது அண்ணன் மாதவன் அண்ணாவைக் கும்பிட்டு, தப்பு எங்கள் வீட்டுடையது, பெயிண்ட் அடித்தது தான்தான் என்று சொல்லியிருக்கிறார். அய்யனிடமும் அப்படியே சொன்னார். அய்யன் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் சனிக்கிழமைக் கூட்டத்தில் கடையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. எதற்காக உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள் என்று அண்ணனிடம் கேட்டேன்.

"நீ நாளைக்கும் வண்டிகிட்ட வரோணுமல்ல?" என்றார்.

பிறகு அண்ணன் எத்தனையோ வண்டிகள் வாங்கினார். அண்ணியைக் கைப்பிடித்து, மூன்று பிள்ளைகளை ஆளாக்கி, தோப்பை இரண்டு மடங்காக்கினார். யார் வீட்டு மோட்டார் நின்றாலும் கூப்பிடாமலே போய் நிற்பார். நெஞ்சுவலியில் கோவையில் படுத்திருந்த கடைசி நாட்களில்கூட, தலைமாட்டில் இருந்த கருவி எதற்காகச் சத்தம் போடுகிறது என்று நர்ஸைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தூங்கினார்.

அந்த நாட்களில் இரவு பகலாகக் கவனித்த மருத்துவர்களுக்கும், ரத்தம் கொடுத்த முதலமடை இளைஞர்களுக்கும், காரியங்களைத் தங்கள் வீட்டு வேலையாக எடுத்துச் செய்த பங்காளிகளுக்கும், சமையல் பந்தலைப் பார்த்துக்கொண்ட தோப்புத் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மாதவன் அண்ணாவுக்கு நன்றி மட்டும் போதாது. பெயிண்ட் விஷயத்துக்குப் பிறகு அவர் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "பெயிண்டர்" என்பார். கல்யாண வீடு, சந்தை, ஆஸ்பத்திரி எங்கும் அதே பெயர். காரியத்தன்றும் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்து, பிறகு அழுதார். நான் காப்பி கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை.

மாதவன் அண்ணா, அந்தப் பெயிண்டை அடித்தது நான். என் எதிரில் நீங்கள் அவரைப் பெயிண்டர் என்று கூப்பிட்ட ஒரு தடவைகூட அண்ணன் என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

— தங்கை