மறவேன் என்ற சொல்

இங்கே நம் பாட்டு அடுத்தவர் காதில் விழுந்துவிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இங்கிலாந்தின் வடக்கே, முதியோர் இல்லமொன்றில் வேலை பார்க்கிறேன். ஒரு மதிய இடைவேளையில் ஹெட்போன் கழன்றுகொண்டு, செம்பாக்கத்திலிருந்து தம்பி சாம் அனுப்பிய பாட்டு அறை முழுக்க ஒலித்தது. சாரி என்றேன். உடன் வேலை பார்க்கும் மார்கரெட் அர்த்தம் கேட்டாள். குடியை விட்ட தம்பியே எழுதிய பாட்டு என்று சொல்லி, ‘கதவைச் சாத்திய கையே, உன்னை மறவேன்’ என்ற வரியை ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் கண் கலங்கியது. யாருக்கோ எவ்வளவு அழகாக நன்றி சொல்கிறான், லவ்லி என்றாள். அந்தக் கை என்னுடையது என்று நான் சொல்லவில்லை.

சாம் ஒன்பது வருடம் குடித்தான். அப்பா அம்மா இருவரும் ஆசிரியர்கள். சபையில் மதிப்பான குடும்பம். ஒரு மே மாத நண்பகலில் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது தள்ளாடியபடி வந்தான். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அக்கா, அக்கா என்று தட்டினான். அது கேட்காதிருக்க, எல்லோரையும் உரக்கப் பாடச் சொன்னேன். நாங்கள் பாடி முடித்தபோது தட்டல் நின்றிருந்தது. மாலையில், பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் கால் முறிந்து கிடந்தவனை யாரோ ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அடுத்த மாதம் விசா வந்தது, கிளம்பிவிட்டேன். அவன் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்ததும், குடியை விட்டதும், விந்தி விந்தி வீடு திரும்பியதும் எனக்கு வெறும் போன் செய்திகள்.

போன ஜனவரி விடுமுறையில் ஊருக்குப் போனேன். ஞாயிறு ஆராதனையில் சாம் அந்தப் பாட்டைப் பாடினான். பாஸ்டர் எழுந்து, மதுக்கடைக் கதவைச் சாத்திய ஆண்டவரின் கை அது என்று விளக்கம் சொன்னார். சபை ஆமென் என்றது. சாம் யாரையும் திருத்தவில்லை. என்னை மட்டும் நேராகப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவனிடம், அது என் கைதானே என்று கேட்டேன். வேறு யாருடையது என்றான். அப்படியானால் நன்றி சொல்கிறாயா என்றேன்.

“நன்றின்னு பாட்டுல எங்க இருக்கு? மறக்க மாட்டேன்னுதான் இருக்கு.”

நான் சாத்தியதால்தான் அவன் திருந்தினான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். அதைச் சொன்னேன். அவன் ஈரச் சட்டையைப் பக்கெட்டிலேயே போட்டான்.

“நீ என்னைத் திருத்துறதுக்குச் சாத்தலக்கா. அவங்க முன்னாடி வெட்கப்பட்டு சாத்தின. நான் குடிய விட்டதுல உனக்குப் பங்கு கிடையாது.”

“ஒம்பது வருஷம் உன் வாந்தியக் கழுவினேனே, அதுக்கு ஒரு வரி எழுதினியா?”

“எழுதல,” என்றான். எழுதுகிறேன் என்றும் சொல்லவில்லை. மீதி இருந்த ஒரு வாரமும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் கிளம்பிய அன்று ஏர்போர்ட்டுக்கு அப்பா மட்டும் வந்தார். விமானம் ஏறி, திரிசூலம் மலை கண்ணுக்குக் கீழே சரிந்தபோது நிம்மதியாகக்கூட இருந்தது.

சென்ற வாரம் மதியச் சாப்பாட்டின்போது மார்கரெட், உன் பாட்டுக்காரத் தம்பி எப்படி இருக்கிறான் என்று விசாரித்தாள். இந்த முறை முழுவதையும் சொன்னேன்: கதவு, கால், மொட்டைமாடி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவன் நன்றிகெட்டவன், உன்னைப் போன்ற அக்காவுக்கு அவன் தகுதியில்லை என்றாள். மாடியில் அவனிடம் நான் கத்த நினைத்ததும் இதே சொற்கள்தான். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனைப் பற்றிப் பேச உனக்கு என்ன உரிமை, அந்த வெயிலில் நின்றது நீயா என்று கேட்டேன். ஆத்திரத்தில் பாதி தமிழிலேயே வந்துவிட்டது. அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. சாரி என்று முணுமுணுத்துவிட்டுத் தட்டோடு வேறு மேசைக்குப் போனாள். செம்பாக்கத்தில் என் பக்கம் நின்று அவனோடு சண்டை போட்ட நான், இங்கே அவன் பக்கம் நின்றுகொண்டு, எதிரே காலியான நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.