முஹ்ஸின் கடைக்கு வந்த இரகசிய எண்

நோர்வூட்டைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் நிஷாந்தியை 'சோப்பு மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பையில் எப்போதும் நாலைந்து சோப்புக்கட்டி இருக்கும். சுகாதாரம் சொல்லித்தர வருகிறாள் என்று கங்காணிமாரும் புருஷன்மாரும் நினைத்துக்கொள்வார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் வரிசையாக நிற்கும்போது, சோப்பைக் கொடுக்கிற சாக்கில் காதோடு பேசுவாள். வீட்டில் அடி வாங்குகிறவர்கள் அப்படித்தான் அவளிடம் வந்து சேர்ந்தார்கள். அவளும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். ஒரு காம்பராவில் இருமினால் கடைசிக் காம்பரா வரை கேட்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவளுடைய தொண்டு நிறுவனம் அண்மையில் ஒரு செயலியைக் கொண்டுவந்தது. கொழும்பில் ஒரு ஹோட்டலில் நாள் முழுக்கப் பயிற்சி. பெண்களின் தகவல் பூட்டுக்குள் பூட்டாக இருக்கும், எவர் கண்ணிலும் படாது என்று திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். ஆனால் ஆளுக்கொரு தொலைபேசி எண் கொடுக்காவிட்டால் அடுத்த பக்கம் நகராது. நிஷாந்தி தன் எண்ணையே போட்டுப் பார்த்தாள். முதல் ஆளுக்கு ஏற்றது, அடுத்த ஆளுக்கு மறுத்துவிட்டது.

"எங்கூட்ல ஒரே போனுதான் மிஸ். அது அவரு சட்டப் பையில கெடக்கு," என்றாள் அந்த இரண்டாவது ஆள், சண்முகவடிவு. "முஹ்ஸின் நானா கடை நம்பரப் போடுங்க."

தோட்டத்துச் சந்தியில் போனுக்குக் காசு ஏற்றி ரீலோட் போடும் கடை அது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் அந்த நம்பருக்குத்தான் பேசுவார்கள். செய்திக்குரியவரின் லயத்து ஆள் யார் கண்ணில் பட்டாலும் நானா செய்தியைச் சொல்லியனுப்புவார். நிஷாந்தி அந்த நம்பரையே போட்டாள். அதற்குச் செய்தி போகும் என்று பயிற்சியில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

புதன்கிழமை செய்தி வந்தது. சண்முகவடிவுக்குச் சனிக்கிழமை நோர்வூட் அலுவலகத்தில் சந்திப்பு. வழக்கம்போல நானா சொல்லிவிட்டார். வெற்றிலை வாங்க வந்த முத்துலிங்கத்திடம், அவள் புருஷனிடம்.

"என்னாடி சந்திப்பு?"

"கண்ணாடி குடுக்கிறாங்களாம்."

"அப்ப நானும் வாறேன். எனக்குந்தான் கண்ணு மசமசங்குது."

மறுநாள் மடுவத்தில் சண்முகவடிவு இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. "ஆபீஸ் போர்டப் படிச்சார்னா அவ்வளவுதான் மிஸ். நான் வீட்டுக்குள்ள கால் வைக்க முடியாது."

சனிக்கிழமை வர வேண்டாம் என்று நிஷாந்தி சொல்லிவிடலாம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை செயலி இன்னொரு செய்தி அனுப்பும், சேவையின் முழுப் பெயரோடு. நானாவிடம் சொல்லிவைக்கலாம்தான். அவர் தொழப் போனால் மனைவி முனீரா எடுப்பாள், அவளும் இல்லாவிட்டால் கடையில் நிற்கிற எவரும் எடுப்பார்கள். நிஷாந்தி கொழும்பு அலுவலகத்துக்குப் பேசினாள்.

"ஒரு ஆளுக்கு மெசேஜ் போகாம நிறுத்தணும். பேரு…"

"பேரை போன்ல சொல்லாதீங்க. பிரைவசி பிரச்சினை."

"அதுக்காகத்தாங்க கூப்பிடுறேன்."

"ஈமெயில் போடுங்க. அடுத்த கிழமை பாத்துச் சொல்றோம்."

"நாளைக்கே மெசேஜ் போயிரும்."

"அப்ப நீங்களே பேரை நீக்கிரலாமே. பட்டன் இருக்கே."

இருந்தது. அழுத்தினாள். 'உறுதிப்படுத்தும் இரகசிய எண் பயனாளியின் தொலைபேசிக்கு அனுப்பப்பட்டுள்ளது.'

ஸ்கூட்டியை மழைக்குள்ளேயே விரட்டினாள். வேலை விட்டு வந்தவர்களால் கடை நிறைந்திருந்தது. சண்முகவடிவின் லயத்துப் பெண்களும் நின்றார்கள். நானா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு போனைத் தூரமாகப் பிடித்திருந்தார்.

"வாங்க தங்கச்சி, ஒங்கட ஆபீஸ் மெசேஜ்தான். கேளுங்க. சண்முகவடிவு அவர்களே, குடும்ப வன்முறை ஆலோசனை…"

அதோடு நிறுத்தினார். நிஷாந்தியின் முகத்தைப் பார்த்தார். போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் மெதுவாக.

எண்ணை ஒரு காகிதப் பையின் ஓரத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அவள் அதைப் போட்டாள். பயனாளி வெற்றிகரமாக நீக்கப்பட்டார் என்றது செயலி. அதற்குள் ரீலோட் போட வந்த ஒருத்தி போடாமலே படியிறங்கி லயத்துப் பக்கம் நடந்துவிட்டாள்.

சனிக்கிழமை யாரும் வரவில்லை. திங்களன்று மடுவத்தில் சண்முகவடிவு முக்காட்டை இடது கன்னத்துக்கு மேல் இழுத்துவிட்டிருந்தாள். நீட்டிய சோப்பை வாங்கவில்லை.

"பேர எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

"நல்லது. இனி எங்கிட்ட வராதீங்க மிஸ். பாக்கிறாங்க."

கூடையோடு வரிசையில் முன்னே நகர்ந்துவிட்டாள். நிஷாந்தியின் போன் அடித்தது. முஹ்ஸின் நானா.

"தங்கச்சி, இன்னொரு மெசேஜ் வந்தீக்கி. நான் ஒருத்தருக்கும் வாசிக்கல்ல. சேவை எப்பிடி, அஞ்சு ஸ்டார்ல எத்தன போடுவீங்க எண்டு சண்முகவடிவுக்கிட்ட கேக்குறாங்க. நான் என்ன செய்ய?"

"அழிச்சிருங்க நானா."



"அதுக்கும் நம்பர் ஏதும் அனுப்புவாங்களா?" என்று கேட்டார். பயந்துபோய்த்தான் கேட்டார்.