குதிகாலில் ஒரு குத்து

இரண்டு மாதம் முன்பு ராயபுரத்தில் ஒரு நர்ஸிங் ஹோமில், ஒரு பாக்சர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் காலைத் தூக்கி நர்ஸ் முன்னால் நீட்டியதைப் பார்த்தேன்.

பாக்சர், எங்கள் பக்கத்து வீட்டு தேவராஜ். வியாசர்பாடியில் குத்துச்சண்டை கற்றவர். இப்போது ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார். மனைவி செல்விக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்றாம் நாள். நான் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கப் போயிருந்தேன்.

நர்ஸ் வந்தார். குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு அட்டையில் நான்கு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டுமாம்.

"இன்னா சிஸ்டர், பொறந்து மூணு நாளுதான் ஆவுது. அதுக்குள்ள குத்துறேன்றியே?"

"உடம்புக்குள்ள ஏதாவது சுரக்காம இருக்கா, சாப்பாடு சரியா செரிமானமாகி சேருதான்னு பார்க்கிற டெஸ்ட் சார்."

"அப்பன் ரத்தம்தானே புள்ள ரத்தம்? எவ்ளோ வோணுமோ இதுல எட்துக்கோ!"

அப்போதுதான் கால் நீண்டது.

நர்ஸ் அசரவில்லை. "உங்களுக்கு இந்த டெஸ்ட் முப்பது வருஷம் லேட் சார்" என்றார்.

குத்தினார். குழந்தை லேசாக முனகிவிட்டுத் தூங்கிப்போனது. தேவராஜ்தான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தைக்கு ஏகப்பட்ட பாராட்டு. அழுவதே இல்லை! பால் கொடுக்கக்கூட எழுப்ப வேண்டியிருந்தது. "எம்பொண்ணு சமத்துக்கா, சத்தமே கெடையாது" என்று தேவராஜுக்குப் பெருமை. தொட்டில் பக்கம் போன நானும், "இப்படி ஒரு குழந்தை கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்றேன்.

ஒரு வாரம் கழித்து என் வீட்டு போன் அடித்தது. அவர்கள் வீட்டில் போன் இல்லை, ஃபாரத்தில் பி.பி. நம்பராக என்னுடையதைத்தான் எழுதியிருந்தார்கள். டெஸ்ட் ரிசல்ட் சரியில்லை, குழந்தையை உடனே கொண்டுவாருங்கள் என்றார்கள். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஃபெயிலா? இன்னும் ஸ்கூலுக்கே போவலயேக்கா!" என்று சிரித்தார் தேவராஜ். செல்வி சிரிக்கவில்லை. "எந்திரிய்யா, ஆட்டோ புடி" என்றாள். நானும் கூடவே ஏறிக்கொண்டேன்.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சந்தேகம் உறுதியானது. தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை. "அதனாலதான் இவ்வளவு தூக்கம். இப்படியே விட்டா மூளை வளர்ச்சி பாதிக்கும்" என்றார் டாக்டர்.

எனக்குச் சுருக்கென்றது. சமத்து என்று சர்டிஃபிகேட் கொடுத்ததில் நானும் ஒருத்தி அல்லவா?

தேவராஜ் டாக்டரின் மேஜைப் பக்கம் குனிந்தார். "படிப்பு கிடிப்பு... வருமா டாக்டர்?"

"தினமும் ஒரு சின்ன மாத்திரை. இன்னைக்கே ஆரம்பிச்சா மத்த குழந்தைங்க மாதிரி நல்லா வளருவா. நிறுத்த மட்டும் கூடாது."

வெளியே வந்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினார். அதைச் சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார்.

அன்று முதல் காலையில் ஹார்பருக்குக் கிளம்புமுன் அவர் வேலை இதுதான். மாத்திரையை ஸ்பூனில் வைத்துப் பொடித்து, இரண்டு சொட்டுத் தாய்ப்பாலில் குழைத்து ஊட்டுவது. எதிராளியின் மூக்கை உடைத்த விரல்கள், ஒரு துளி சிந்தாமல் ஸ்பூனைப் பிடித்திருக்கும்!

மூன்றாவது வாரம் ஆரம்பித்தது பாருங்கள் கச்சேரி... பசித்தால் வீல், நனைந்தால் வீல், சும்மா இருந்தாலும் வீல். மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் இறங்கி வந்தார். "இன்னாப்பா தேவராஜு, காது பேஜாராவுது. கொஞ்சம் அடக்கக் கூடாதா?"

"ஏன் அடக்கணும்? கத்தட்டும் சார்! நல்லா கத்தட்டும்!" என்று அவரைக் கட்டிப்பிடித்துவிட்டார் தேவராஜ். பாக்சர் பிடி. ஓனர் மூச்சுவிடவே திணறினார்.

யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. தொல்லை தராத குழந்தையைத்தான் நாம் நல்ல குழந்தை என்கிறோம். யாருக்கு நல்லது?

இதை எழுதும்போதும் சுவருக்கு அந்தப் பக்கம் வீல் வீல்தான். பத்தியில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் — காதில் பஞ்சு வைத்துக்கொள்ள எனக்கு மனசில்லை.