போதகர் தந்த நோட்டீஸ்

நியூ லின் ரயில் நிலைய வாசலில் ஒரு வெள்ளைக்காரப் போதகர் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். தங்கையைப் பார்க்க நியூசிலாந்தின் ஓக்லாந்துக்கு வந்திருக்கும் எனக்கு, வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். வாங்குகிறேன். மேலே சிலுவை இருக்கிறது. பிரசாதம் போலக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். மனிதருக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி. மற்றவர்களுக்கும் கொடுக்கச் சொல்லி ஒரு கட்டு நோட்டீஸையே என் கையில் திணிக்கிறார்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. எதிரே சில்லறைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துச் சிவத்திடம் ஒன்றை நீட்டுகிறேன். வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"அண்ணை, இதையே கண்ணில ஒத்தினீங்கள்?"

"ஓம் தம்பி. வேதக்காரரின்ர நோட்டீஸாக்கும் எண்டு நினைச்சன்."

"ஆள் லூத்தரன் சபைப் போதகர்தான். ஆனா எழுதியிருக்கிறது வேற. கொம்யூனிஸ்ட்டுகளுக்குப் பின்னால யூதர்தான் நிக்கினமாம், உலகத்தைக் கெடுக்கிறதே அவையாம். ஊரில தமிழர் எங்களைப் பற்றியும் உப்பிடித்தானே நோட்டீஸ் அடிச்சவை."

எனக்குக் கண் எரிகிற மாதிரி இருக்கிறது.

"குப்பையில போடுங்கோ அண்ணை."

போட்டால் நான் அதைப் பரப்பிவிட்டேன் என்றல்லவா அவர் நினைப்பார்? திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். திட்ட இங்கிலீஷ் இல்லை. தமிழிலேயே நான் யாரையும் திட்டியவன் இல்லை. போதகர் முன் போய் நின்று, நோட்டீஸ் கட்டை இடக்கையால் நீட்டுகிறேன். எங்களுக்குள் அது கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

அவர் சிரித்தபடி வாங்கிக்கொண்டு, "தாங்க் யூ" என்கிறார்.

நானும் பழக்கதோஷத்தில் "தாங்க் யூ" என்கிறேன்.