காதுக்குள் பூத்த பச்சை

நேற்று டிவி ரிமோட் வேலை செய்யவில்லை. நாலு தட்டு தட்டினேன். எனக்குத் தெரிந்த எலெக்ட்ரானிக்ஸ் அவ்வளவுதான். மூடியைக் கழற்றினால் பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தது. பிரிக்பீல்ட்ஸ் புழுக்கத்தில் குடியிருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழைய செம்புக்காசு வாடை. அந்த வாடை பட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லாம் அக்காவை நினைத்துத்தான்.

அக்கா கிள்ளானில் பூக்கடை வைத்திருந்தாள். பேரம் பேசுகிறவர்களைச் சும்மா விடமாட்டாள். "மல்லி என்ன பிளாஸ்டிக்கா ஆன்டி? அடுத்த கடைக்குப் போங்க லா!" என்று அவள் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். காது மந்தமான பிறகு சத்தம் இன்னும் கூடியது. எங்கள் வீட்டு ரகசியங்கள் அத்தனையும் பாசாரில் காய் விற்கிறவர் வரைக்கும் தெரிந்தன. தாங்க முடியாமல் நான்தான் காதுக்கருவி வாங்கிக் கொடுத்தேன். மாட்டிய அன்று, "டேய், பூவுல தண்ணி தெளிக்கிற சத்தம் கேக்குதுடா!" என்று கண்கலங்கினாள்.

பூக்கடைக்குத் தகரக் கூரை, பகலெல்லாம் புழுக்கம், சாயங்காலமானால் மழை, சுற்றிலும் ஈரப் பூ. கருவி முதலில் கரகரத்தது, பிறகு செத்தது. பழுது பார்த்துத் தந்தார்கள். ஈரத்தை இழுக்கட்டும் என்று வீட்டில் அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தாள். மறுபடியும் செத்தது.

எடுத்துக்கொண்டு, அதை வாங்கிய கடைக்குப் போனோம். ஏர்கான் குளிரில் எனக்கே நடுக்கம். விற்பனைப் பெண் கருவியைத் திறந்து காட்டினாள். உள்ளே இதே பச்சை.

"வேர்வை இறங்கிருச்சு ஆன்டி. இதுக்கு வாரண்டி இல்ல. ஈரம் படாத இடத்துல இருக்கணும்."

"இந்த ஊர்ல அப்படி இடம் எங்கம்மா இருக்கு?" என்றாள் அக்கா.

எனக்குப் பொறுக்கவில்லை. "வேர்க்காத காதுக்குத்தான் செஞ்சீங்கன்னா, கிள்ளான்ல ஏன் விக்கிறீங்க?" என்று கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுடா. அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? வேர்த்தது என் தப்பு."

வேர்ப்பது ஒரு தப்பா? இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

அதன்பிறகு அவள் எதையும் காதில் மாட்டவில்லை. கேட்ட மாலை ஒன்று, கட்டிக் கொடுத்தது ஒன்று என்று ஆனது. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். கடையும் போயிற்று.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன். நான் எதைச் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுகிறாள். போன வாரம் வேண்டுமென்றே, "உன் மீன் குழம்ப வாயில வைக்க முடியல" என்றேன். முன்பென்றால் கரண்டி பறந்து வந்திருக்கும்.

சிரித்தாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றாள்.