டிரைவருக்குப் புதினா டீ

டாரீன் ஷிமெக் ஆல்டூனா என்ற ஊரில் இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். போன ஜூனில் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தபோது, இனி ஸ்டியரிங் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று இருந்தாள். அக்டோபருக்குள் புருஷன் எல்டன் அந்த நினைப்பில் மண்ணைப் போட்டுவிட்டான்.

எல்டனுக்குக் கண்ணின் நடுப்பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே இருப்பது தெரியாது. லைசன்ஸ் போய்விட்டது. அன்றிலிருந்து மனுஷனுக்கு ஒரே அவசரம். வீட்டை விற்க வேண்டும், படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற பெரிய வண்டி ஒன்று வாங்க வேண்டும், மிச்சப் பார்வையும் போவதற்குள் நாட்டில் ஒட்டினாற்போல் இருக்கிற நாற்பத்தெட்டு மாநிலங்களையும் சுற்றிவிட வேண்டும். திங்கட்கிழமை காலை வீட்டுப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. அந்த வண்டியை யார் ஓட்டுவது என்று மட்டும் அவன் கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது, வேறு யார் ஓட்டப்போகிறார்கள்?

இந்த மூன்று நாள் பயணம் அதற்கு வெள்ளோட்டம். வியாழனும் வெள்ளியும் பிலடெல்பியா மியூசியங்கள். ஓட்டியதோடு விட்டதா? ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டி முன்னாலும் நின்று, அட்டையில் இருப்பதை அவள் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இரும்புக் கவசம், எலும்புக்கூடு, எந்தச் சீமானோ சாப்பிட்ட தட்டு.

"இன்னொரு தடவை படி, டாரி. எந்த வருஷம்னு சொன்னே?"

வெள்ளி மாலைக்குள் தொண்டை கட்டிவிட்டது, பாதம் இரண்டும் வீங்கிவிட்டன. என்னால் முடியாது என்று சொல்லிவிட வேண்டும். ஆனால் பார்வை போய்க்கொண்டிருக்கிறவனிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது?

சனிக்கிழமை லங்காஸ்டர் பக்கம், நவீன வசதிகளை ஒதுக்கி வாழும் கிறிஸ்தவ சபையினரான ஆமிஷ்காரர்களின் பண்ணைகள். குதிரை வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வலது கால் மரத்துப்போயிருந்தது. ரொட்டியும் பூசணியும் விற்கிற ஒரு பண்ணை வாசலில் நிறுத்தினாள். எல்டன் கோவேறு கழுதைகளைப் பார்க்கப் பண்ணைக்காரரோடு தொழுவத்துக்குப் போனான். அவன் பேச்சு இங்கே வரைக்கும் கேட்டது. டாரீன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். பண்ணைக்காரரின் மனைவி லவைனா எஷ். கையில் குளிர்ந்த புதினா டீ.

"குடிங்க. டிரைவர்ங்களுக்கு நாங்க காசு வாங்கறதில்ல."

கார் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஆமிஷ்காரர்களின் சபைக் கட்டுப்பாடு. கூலி கொடுத்து வெளியாள் காரில் ஏறத் தடையில்லை. அதனால் ஒரு வயதான பொம்பளை காரில் தனியாகக் காத்திருந்தால், கூலிக்கு ஓட்டுகிறவள் என்றுதான் லவைனாவுக்குத் தோன்றும்.

"உங்க ஆளு வாயே மூட மாட்டார் போல."

"நாப்பத்தோரு வருஷமா மூடல."

"அத்தனை வருஷமா ஓட்டறீங்களா? நாளைக்கும் இவருக்குத்தானா?"

"நாளைக்கு, நாளன்னிக்கு. இனிமே தினமும்."

"தினமுமா? உடம்பு என்னத்துக்காகும்? எங்களுக்கு ஓட்டற அம்மா வாரத்துல ரெண்டு நாள்தான் வருவா. முதல் நாளே கறாரா சொல்லிட்டா. எங்க வீட்டுக்காரருக்குக் கோவம்தான். ஆனா சொன்னதாலதானே தெரிஞ்சுது? நாங்க பின்னாடி உக்காந்து வர்றவங்க. ஓட்டறவங்க இடுப்பு வலி எங்களுக்கு எங்க தெரியுது?"

டாரீனுக்கு அழுகை வந்துவிட்டது. இந்த நான்கு மாதத்தில் அவள் இடுப்பைப் பற்றிப் பேசிய முதல் ஆள், பெயர்கூடத் தெரியாத ஒருத்தி.

"நான் அவர் பொண்டாட்டிங்க," என்றாள்.

லவைனாவின் முகம் சிவந்துவிட்டது. காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"அப்படின்னா சொல்றது இன்னும் கஷ்டம்தான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எல்டன் உற்சாகமாக வந்து ஏறினான். "தலையைக் கொஞ்சம் சாய்ச்சுப் பாத்தா கழுதைக் காதுகூடத் தெரியுது, டாரி. அடுத்த முக்குல இடது பக்கம் திரும்பு. கூரை போட்ட பழைய மரப்பாலம் ஒண்ணு இருக்காம்."

அவள் சாவியைத் திருப்பவில்லை.

"திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட மாட்டேன், எல்டன்."

எல்டன் மாட்டிய சீட் பெல்ட்டைக் கழற்றினான்.

"எனக்கு நேரமில்லையே டாரி," என்றான்.

"தெரியும்."

"அப்புறம் ஒண்ணுமே தெரியாமப் போயிடுமே."

"அதுவும் தெரியும். வாரத்துல ரெண்டு நாள் ஓட்டறேன், நீ சொல்ற இடத்துக்கு. மிச்ச நாள் என் வீட்டுல, என் கட்டில்ல காலை நீட்டிப் படுத்திருப்பேன். அதுக்கு மேல என்கிட்ட தெம்பு இல்ல."

இரண்டு நாளில் போய்த் திரும்ப எத்தனை மாநிலம்தான் இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவள் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. எல்டன் முகத்தைச் சற்று அப்பால் திருப்பினான். கோபம் இல்லை, அப்படித் திருப்பினால்தான் அவள் தெரிவாள். அப்படியே அவளைப் பார்த்தான்.

"இன்னிக்கு அந்த ரெண்டு நாள்ல சேருமா?" என்று கேட்டான்.

"சேராது. முந்தாநாளும் நேத்துமா இந்த வாரத்து ரெண்டு நாள் தீந்துபோச்சு."

வண்டியைக் கிளப்பினாள். முக்கு வந்ததும் பாலம் இருக்கிற இடது பக்கம் திரும்பினாள்.