எந்தத் தெரு என்று கேட்டவன்

நான் வேலை பார்க்கும் இங்கிலாந்து ரொட்டி ஆலையில், எதிரே வருகிறவர்கள் "ஆர் யூ ஆல்ரைட்?" என்று கேட்பார்கள், பதிலுக்கு நிற்க மாட்டார்கள். வந்த புதிதில் இது எனக்குப் பிடிபடவில்லை. முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல நான் வாயெடுக்கும்போது கேட்டவர் கதவைத் தாண்டிப் போயிருப்பார். கோவில்பட்டியில் பஸ் ஏறினால், எட்டயபுரம் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரி நம் பிறந்த வீடு, புகுந்த வீடு, பிள்ளைக்கு வந்த காய்ச்சல் வரை கேட்டு வாங்கிவிடுவாள். அந்த விசாரிப்புக்கு ஏங்கிப்போயிருந்தேன். அதனால்தான் ஒருவர் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் எங்கள் ஷிப்டின் மேனேஜர், சுதாகர். என் பேச்சை வைத்தே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். "கோவில்பட்டிப் பக்கமா தங்கச்சி?" என்றார். நாகலாபுரத்தை ஒட்டிய எங்கள் கிராமத்தின் பெயரைச் சொன்னேன். "அட, நம்ம ஊருல்லா!" என்று கையைத் தட்டினார். தன் அப்பா பெயரையும் சொன்னார்; அங்கே பெரிய சம்சாரி. அவர்களுடைய கரிசல் நிலத்தில்தான் என் தம்பி குத்தகைக்கு மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்தான். நான் மகிழ்ச்சியில் அதைச் சொல்லுமுன் அடுத்த கேள்வி வந்தது. "எந்தத் தெரு? ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனிதான் அண்ணாச்சி" என்றேன். கோவில்பட்டி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிற ஆட்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். நான் நிறுத்திக்கொள்ளவில்லை. கடல் தாண்டி வந்தபிறகும் எதற்கு மறைக்க வேண்டும் என்று நினைத்தேன். "ஓ, சரி சரி" என்றார். அன்றோடு தங்கச்சி போயிற்று. பொங்கலுக்கு ஷிப்டில் இருந்த தமிழர் அத்தனை பேரையும் வீட்டுக்கு அழைத்தான், என்னைத் தவிர. இனி அவனை அவன் என்றுதான் எழுதப்போகிறேன். மரியாதை கேட்டுச் சண்டைக்கு வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

நாலாவது வருஷம் ஷிப்ட் லீடர் வேலை காலியானது. வரிசையில் மூத்தவள் நான். அடுப்பு மக்கர் பண்ணினால் மெக்கானிக் வரும்வரை ஓட்டத் தெரிந்தவளும் நான்தான். ஆனால் நான் வேலை பழக்கிவிட்ட மாரெக் என்ற போலந்துக்காரனுக்கு அந்த வேலை போனது. ஏன் என்று கேட்டேன். சுதாகர் குரலைத் தாழ்த்தி, "நம்ம ஆளுங்க எத்தனை பேரு இந்த ஷிப்ட்ல இருக்காவ. ஒனக்குக் கீழ நிக்கச் சொன்னா அவியளுக்கு எப்படி இருக்கும்? யோசிச்சுப் பாரு" என்றான். தமிழில் சொன்னான். சாட்சி யாரும் இல்லை. அன்றே புகார் கொடுத்தேன்.

மனிதவளப் பிரிவின் ஹெலன் நல்ல பெண்தான், ஆனால் அவளுக்கு விளங்கவைப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. "இரண்டு பேரும் ஒரே நாடு, ஒரே ஊர், ஒரே மொழி. இதில் பாகுபாடு எங்கிருந்து வரும்?" என்றாள். தெருவைக் கேட்டான் என்றேன். "முகவரி கேட்டாரா? அது அன்பாக விசாரிப்பதுதானே?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைவிட எனக்கு அவன்மேல்தான் ஆத்திரம் வந்தது. யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில்தானே அவன் அதைக் கேட்டான்!

விசாரணை நாளில் கோட்டுப் போட்டு வந்திருந்தான். சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, ஊர்க்காரி என்று தெருவை மட்டும் கேட்டேன், எங்கள் பக்கம் எல்லோரும் கேட்பதுதான் என்று தேனொழுகப் பேசினான். ஹெலன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கினேன். அவளுக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "நாலு வருஷமாக ஒரே ஷிப்டில் இருக்கிறோம். இந்த ஊரில் நான் எந்தத் தெருவில் குடியிருக்கிறேன்?"

அவனுக்குத் தெரியவில்லை. இந்த நாட்டில் என் வீடு எங்கே இருக்கிறது என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. ஹெலன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்படியானால் ஊரில் உள்ள தெரு மட்டும் உங்களுக்கு எதற்கு?" என்று கேட்டாள். யோசித்திருந்தால் தப்பித்திருப்பான். ஆனால் நம் ஊரில் யாரும் யோசிக்காமல் சொல்லும் பதில் அவன் வாயில் தயாராக இருந்தது. "டு நோ ஹூ ஷீ இஸ்" என்றான். அவள் யார் என்று தெரிந்துகொள்ளத்தான்! சொன்ன பிறகே அறையில் இருந்தவர்கள் முகத்தைப் பார்த்தான். அவன் காது சிவந்ததை நான் ஆசை தீரப் பார்த்தேன்.

மாரெக்குக்குக் கொடுத்ததை ரத்து செய்து ஷிப்ட் லீடர் வேலையை எனக்குத் தந்தார்கள். அவனை மேனேஜர் பொறுப்பிலிருந்து இறக்கி லோடிங் பக்கம் போட்டார்கள். எனக்கு அது போதவில்லை. அவன் வேலை போக வேண்டும், விசா போக வேண்டும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதுரை ஏர்போர்ட்டில் தலைகுனிந்து இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்போதும் ஆசைப்படுகிறேன்.

பத்து நாள் கழித்துத் தம்பி போன் செய்தான். "அக்கா, இந்த வருஷம் நெலம் கெடையாதுன்னுட்டாவ." மகன் பட்ட அவமானம் அப்பனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "நீ ஒண்ணும் வெசனப்படாத. செஞ்சது சரிதான். நான் வேற எங்கனயாச்சும் பாத்துக்கிடுதேன்" என்றான். சுதாகரின் அப்பாவைப் பார்த்தாயா, ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "காலையில மடத்துக்கிட்ட நின்னாரு. எப்பவும் போல பைக்கை விட்டு எறங்கி, தள்ளிக்கிட்டுத்தான் அவரைத் தாண்டிப் போனேன். வேற என்ன செய்யச் சொல்லுத?" என்றான்.

லோடு கிளம்புவதற்கு முன் என் கையெழுத்துக்காகச் சுதாகர் தினமும் என் மேசைக்கு வருகிறான். எதிரே நாற்காலி இருக்கிறது. நான் அவனை உட்காரச் சொல்வதில்லை. அங்கே அவன் அப்பாவைத் தாண்டி என் தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு போக எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் இங்கே இவனை நிற்கவைத்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன்.